தேவமாதாவின் புன்னகை: குழந்தை தெரேசம்மாள் வியாதியாய்க் கிடந்த நாட்கள்



மே மாதம் தேவமாதாவின் வணக்க மாதம். இந்த மாதத்திலேதான், 1883-ம் ஆண்டு மே 13-ந் தேதி, பிரான்சு தேசத்தின் வடபகுதியிலுள்ள லிசியே என்னும் பட்டணத்தில், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஏழு வாரமாய்த் தன்னை வாட்டிய கடும் வியாதியிலிருந்து ஒரு நொடியில் குணமடைந்தாள். அந்தச் சிறுமியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜாப் பூக்களையும் மார்போடு அணைத்தபடி உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து உங்களைப் பார்க்கிற கார்மேல் சபைக் கன்னிகை அவளே. அவள் பெயரை ஞானஸ்நானத்தில் பெற்ற தெரேஸ்களும் தெரேசம்மாள்களும் நம் பங்கில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

ஆனாலும் படத்திலுள்ள அந்தச் சாந்தமான முகத்தைப் பார்க்கிறவர்களில் அநேகர் அவள் குழந்தைப் பருவத்தில் பட்ட பாட்டை அறியார்கள். வீட்டில் ஒரு பிள்ளை படுத்துவிட்டால் தாய் தகப்பனுக்கு உலகமே இருண்டு போகிறது. அந்த இருட்டில் இருக்கிறவர்களுக்கும், அதைக் கடந்து வந்தவர்களுக்கும், கடந்து வந்தும் பிள்ளையைக் கையில் காணாதவர்களுக்கும் இந்தச் சரித்திரம் பிரயோசனமாயிருக்கும் என்று எண்ணி இதை எழுதுகிறேன். சற்றுப் பொறுமையாய் வாசியுங்கள்.

நாலு பிள்ளைகளை அடக்கம் செய்த வீடு

தெரேசின் தகப்பனார் லூயி மார்த்தீன். அவர் அலன்சோன் என்னும் ஊரில் கடிகாரம் பழுதுபார்த்து விற்கும் தொழில் செய்தவர். தாயார் ஸெலி அம்மாள் லேஸ் பின்னும் தொழிலை நடத்தி வந்தவர். அலன்சோன் லேஸ் அக்காலத்தில் ஐரோப்பா எங்கும் பேர்போனது. இருவரும் 1858-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி மெய்விவாகம் செய்துகொண்டார்கள். சர்வேசுரன் அவர்களுக்கு ஒன்பது பிள்ளைகளைக் கொடுத்தார்.

ஒன்பது என்று சொல்வது எளிது. 1867-ம் ஆண்டு பிப்ரவரிக்கும் 1870-ம் ஆண்டு அக்டோபருக்கும் இடையே, நாலு வருஷம் நிறையுமுன்னே, அவர்கள் நாலு பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். ஆண் பிள்ளைகள் இரண்டும் ஒரு வயதைக் காணவில்லை. எலேன் என்ற பெண் குழந்தை ஐந்து வயதில் போனாள். இன்னொரு பெண் குழந்தை சில வாரங்களே இருந்தது. பாலூட்டும்படி ஒப்படைத்த பெண் அந்தக் குழந்தையைச் சரியாய்ப் பராமரிக்கவில்லை என்று தாயார் பின்னால் கண்டு வருந்தினார். எஞ்சியவர்கள் மரி, பவுலின், லெயோனி, செலின் என்ற நாலு பெண்கள். கடைசியாய், ஒன்பதாவதாய், 1873-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி பிறந்தவளே நம் தெரேஸ். இரண்டு நாள் கழித்து அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஞானத்தாயாய் நின்றவள் மூத்த அக்காள் மரி.

இந்தத் தாய் தகப்பனும் உங்களைப்போல் ஜெபித்தவர்களே. நாலு தடவையும் அழுது மன்றாடினார்கள். நாலு தடவையும் சிறு பெட்டியைச் சுமந்து கல்லறைக்குப் போனார்கள். இதை மறவாமல் மேலே வாசியுங்கள்.

முதலாம் படுக்கை

தெரேஸ் பிறந்து இரண்டு மாதம் ஆகுமுன்னே அவளுக்கு வயிற்றுக் கோளாறு கண்டது. முன்னே இறந்த பிள்ளைகளிடம் கண்ட குறிகளையே தாயார் இவளிடமும் கண்டார். ஸெலி அம்மாளுக்கு மார்பில் நோய் இருந்தபடியால் பால் கொடுக்க முடியவில்லை. தாய்ப்பால் ஒன்றே இந்தக் குழந்தையைக் காப்பாற்றும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். 1873-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள், பொழுது நன்றாய் விடியுமுன்னே, அந்த அம்மாள் கால்நடையாய் செமலே என்னும் கிராமத்துக்குப் புறப்பட்டார். அங்கே ரோஸ் என்ற குடியானப் பெண் இருந்தாள். அவள் முன்னமே இந்தக் குடும்பத்துக்குப் பழக்கமானவள், நம்பத் தகுந்தவள்.

ரோஸ் வந்து குழந்தையைப் பார்த்தாள். பார்த்ததும் தலையை அசைத்தாள். வந்தது வீண், காலம் கடந்துவிட்டது என்பதே அந்த அசைவின் பொருள். தாயார் ஒன்றும் பேசாமல் மாடிக்கு ஓடி, அர்ச். சூசையப்பர் சுரூபத்தின் முன் முழங்காலில் விழுந்தார். பிள்ளையைக் குணப்படுத்தும்படி கேட்டார். கேட்டுக்கொண்டே, எடுத்துக்கொள்வதுதான் சர்வேசுரனுடைய சித்தமானால் அதற்கும் கீழ்ப்படிவதாய் ஒப்புக்கொடுத்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். வந்து பார்த்தால் குழந்தை ஆவலோடு பால் குடித்துக்கொண்டிருந்தது!

கதை அங்கே முடியவில்லை. பால் குடித்த குழந்தை திடீரென்று சோர்ந்து ரோசின் மடியில் உயிரற்றதுபோல் விழுந்தது. இறந்துபோயிற்று என்றே எண்ணினார்கள். இவ்வளவு அமைதியாய்ப் போனதற்காகத் தாயார் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொன்னார். கால்மணி நேரம் சென்றது. குழந்தை கண்ணைத் திறந்து தாயைப் பார்த்துச் சிரித்தது.

ரோஸ் அவளைத் தன் கிராமத்துக்குக் கொண்டுபோய் ஒரு வருஷத்துக்கு மேல் வளர்த்தாள். 1874-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி தெரேஸ் வெயிலும் காற்றும் பட்டுத் திடமான பிள்ளையாய் வீடு திரும்பினாள். சூசையப்பர் மன்றாட்டைக் கேட்டார் என்று நாம் சொல்லுகிறோம். சரிதான். ஆனால் அந்த மன்றாட்டுக்கு விடை ஒரு ஏழைக் குடியானவளின் பால்வழியாய் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சர்வேசுரன் மனிதர் கைகளைக்கொண்டு வேலை செய்கிறார்.

தாயில்லாப் பிள்ளை

தெரேசுக்கு நாலு வயது நடக்கும்போது தாயாரின் மார்பு நோய் முற்றியது. அது புற்றுநோய். வைத்தியர்கள் பார்த்தபோது அறுத்துக் குணப்படுத்தும் கட்டம் கடந்திருந்தது. 1877-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஸெலி அம்மாள் மூத்த பெண்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு லூர்து மாதா கெபிக்கு யாத்திரை போனார். அந்த ஊற்றுத் தண்ணீரில் நாலு தடவை இறங்கினார். குணம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது.

அடக்கம் முடிந்த அன்று, தாயில்லாமற்போன ஐந்து பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்து நின்றார்கள். செலின் மூத்தவளான மரியைக் கட்டிக்கொண்டு, இனி நீயே எனக்குத் தாய் என்றாள். தெரேசோ பவுலினிடம் ஓடினாள். அன்று முதல் பவுலின் அவளுக்கு இரண்டாம் தாய். எழுத்துக் கற்றுக்கொடுத்தவளும், ஜெபம் சொல்லிக்கொடுத்தவளும் அவளே. இரவில் போர்வை இழுத்து மூடி முத்தமிட்டவளும் அவளே. அந்த ஆண்டு நவம்பரில் குடும்பம் லிசியே பட்டணத்துக்குக் குடிபோயிற்று. அங்கே தாய்மாமன் இசிதோர் கெரன் மருந்துக்கடை வைத்திருந்தார். தாயில்லாப் பிள்ளைகளுக்கு மாமனும் மாமியும் பக்கத்தில் இருப்பது எவ்வளவு ஆதரவு என்று நம் குடும்பங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

1882-ம் ஆண்டு கோடைகாலத்தில் ஒரு நாள், பவுலின் மரியோடு பேசிக்கொண்டிருந்தது தெரேசின் காதில் விழுந்தது. பவுலின் கார்மேல் மடத்தில் சேரப் போகிறாள்! குழந்தையிடம் யாரும் இதைப் பக்குவமாய் எடுத்துச் சொல்லவில்லை. ஒளிந்து கேட்டவள்போல் தற்செயலாய்க் கேட்டாள். அக்டோபர் 2-ந் தேதி பவுலின் மடத்துக்குள் போய்விட்டாள். கார்மேல் மடம் அடைபட்ட மடம். கிராதிக்கு அப்பால் இருக்கும் அக்காளை வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமைதோறும், குடும்பம் முழுவதும் போய்ப் பார்க்கும். பெரியவர்கள் பேசி முடித்தபின் கடைசியாய் இரண்டு மூன்று நிமிஷம் தெரேசுக்குக் கிடைக்கும். அந்த நிமிஷங்களில் அவள் அழுவாள், அவ்வளவுதான்.

ஆண்டு முடியுமுன்னே அவளுக்கு ஓயாத தலைவலி கண்டது. ஆயினும் பள்ளிக்குப் போய்வந்தாள். யாரும் அதைப் பெரிதாய் எண்ணவில்லை.

இரண்டாம் படுக்கை

1883-ம் ஆண்டு பெரிய வாரத்தில் தகப்பனார் மரியையும் லெயோனியையும் அழைத்துக்கொண்டு பாரீஸ் நகருக்குப் போனார். செலினும் தெரேசும் மாமன் வீட்டில் இருந்தார்கள். மார்ச் 25-ந் தேதி பாஸ்கு ஞாயிறு. அன்று மாலை மாமன் தெரேசிடம் இறந்துபோன அவள் தாயாரைப்பற்றி அன்போடு பேசினார். நல்ல எண்ணத்தோடுதான் பேசினார். குழந்தை தேம்பி அழுதாள். களைப்பாயிருக்கிறாள் என்று மாமி படுக்க வைத்தார். படுத்ததும் உடம்பெல்லாம் நடுங்கத் தொடங்கிற்று. போர்வைமேல் போர்வை போட்டும், சூடு கொடுத்தும் விடியவிடிய நடுக்கம் நிற்கவில்லை.

மறுநாள் நோத்தா என்ற வைத்தியர் வந்தார். வியாதி மிகவும் கடுமையானது என்றும், இவ்வளவு சிறிய பிள்ளைக்கு இப்படி வந்து தாம் கண்டதில்லை என்றும் சொன்னார். தகப்பனார் திரும்பி ஓடிவந்தார்.

ஏப்ரல் 6-ந் தேதி பவுலின் சபை உடுப்பு வாங்கும் நாள். அன்றைக்கு நான் எழுந்து போவேன் என்று குழந்தை முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியே எழுந்து போனாள். அக்காளின் மடியில் உட்கார்ந்து, அவள் முக்காட்டுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள். எல்லோரும் வியாதி தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டார்கள். மறுநாளே முன்னிலும் கடுமையாய் விழுந்தாள்.

அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். கட்டிலைச் சுற்றிலும் பாதாளம் இருப்பதாய்க் குழந்தைக்குத் தோன்றும். சுவரில் அடித்த ஆணிகள் கருகிப்போன பெரிய விரல்களாய்த் தெரியும். பயந்து அலறுவாள். ஒரு நாள் தகப்பனார் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலருகே நின்றார். அந்தத் தொப்பி அவள் கண்ணுக்கு ஏதோ பயங்கரமாய்த் தோன்ற, அவள் போட்ட கூச்சலைக் கேட்டு அந்த நல்ல மனிதர் விம்மிக்கொண்டு வெளியே போனார். சில வேளை மணிக்கணக்காய்க் கண் திறக்கமாட்டாமல் கிடப்பாள். ஆனால் தன்னைச் சுற்றிப் பேசியதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்தது என்று பின்னால் அவளே எழுதிவைத்தாள். வியாதிக்காரப் பிள்ளையின் தலைமாட்டில் நின்று வேண்டாததைப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

வீட்டார் செய்தது என்ன? மரி படுக்கையை விட்டு அகலவில்லை. செலின் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடப் போகாமல் தங்கையோடு அறைக்குள் அடைந்துகிடந்தாள். மாமி தினந்தோறும் ஏதாவது தின்பண்டத்தோடு வந்துபோனார். தகப்பனார் வைத்தியரை நிறுத்தவில்லை. ஜெபத்தையும் நிறுத்தவில்லை. ஒரு நாள் அவர் மரியின் கையில் சில பொற்காசுகளைக் கொடுத்து, பாரீசிலுள்ள ஜெயமாதா ஆலயத்தில் பிள்ளைக்காக நவநாள் பூசை வைக்கும்படி எழுதச் சொன்னார். குழந்தையோ, கை சற்று ஓய்ந்திருக்கும் வேளைகளில், மே மாதத்துப் பூக்களைத் தொடுத்து தேவமாதாவுக்கு முடி செய்வாள். அந்த அறையில் மாதா சுரூபம் ஒன்று இருந்தது. அது தகப்பனாருக்கு விவாகத்துக்கு முன்னே ஒரு பக்தியுள்ள பெண்மணி கொடுத்தது. தாயார் அதன்முன் ஜெபித்து ஜெபித்துப் பழகினது.

மே 13-ந் தேதி

நவநாள் நடந்துகொண்டிருந்தபோது இஸ்பிரீத்து சாந்துவின் திருநாளாகிய பெந்தெகொஸ்தே ஞாயிறு வந்தது. அன்று மரி சற்றுநேரம் தோட்டத்துக்குப் போயிருந்தாள். லெயோனி ஜன்னலருகே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். குழந்தை மெல்லிய குரலில் அம்மா, அம்மா என்று கூப்பிடத் தொடங்கினாள். மரியைத்தான் அப்படிக் கூப்பிடுவாள். லெயோனிக்கு அது பழகிப்போனபடியால் கவனிக்கவில்லை. குரல் உயர்ந்தது. மரி ஓடிவந்தாள். வந்தவளைக் குழந்தைக்கு அடையாளம் தெரியவில்லை! மரி மறுபடி தோட்டத்துக்குப் போய்க் கைகளை நீட்டிக் கூப்பிட, லெயோனி குழந்தையை ஜன்னலுக்குத் தூக்கிக் காட்டினாள். அப்போதும் தெரியவில்லை. பக்கத்திலிருக்கும் தாயைக் காணாமல் தாயைத் தேடி அழும் பிள்ளை: இதைவிடத் துன்பமான காட்சி உண்டோ?

மரி திரும்பி வந்து கட்டிலருகே முழங்காலில் விழுந்தாள். லெயோனியும் செலினும் அவளோடு முழங்காலிட்டார்கள். மூவரும் கண்ணீரோடு தேவமாதாவின் சுரூபத்தைப் பார்த்து, பிள்ளையைக் காப்பாற்றும்படி கெஞ்சினார்கள். பூமியில் தனக்கு உதவி செய்வார் இல்லையென்று கண்ட குழந்தையும் அந்தச் சுரூபத்தின் பக்கம் திரும்பினாள்.

அப்போது தேவமாதாவின் திருமுகம் சொல்லமுடியாத அழகோடும் இரக்கத்தோடும் விளங்கியதை அவள் கண்டாள். அந்தத் திருமுகம் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தது. அந்தக் கணமே அவளுடைய துன்பமெல்லாம் மறைந்தது. இரண்டு பெரிய கண்ணீர்த்துளிகள் கன்னத்தில் வழிந்தன. கண்ணைத் தாழ்த்தியபோது மரி தன்னை அன்போடு பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். இந்தத் தடவை அக்காளை அடையாளம் தெரிந்தது.

இந்த வியாதி என்ன என்று பிற்காலத்தில் பலர் ஆராய்ந்தார்கள். பசாசின் கை அதில் இருந்ததாய்த் தெரேசம்மாளே எண்ணினாள். தாயை இழந்து, இரண்டாம் தாயையும் இழந்த பிள்ளையின் உள்ளம் தாங்கமாட்டாமல் சரீரத்தில் வெடித்தது என்று வைத்தியர்களில் பலர் சொல்லுகிறார்கள். இதில் இன்னதைத்தான் நம்பவேண்டுமென்று திருச்சபை கட்டளையிடவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கும் துக்கம் உண்டு என்பதில் சந்தேகமில்லை. அவர்கள் அதை வாயால் சொல்ல அறியார்கள். தலைவலியாகவும் வயிற்றுவலியாகவும் சொல்லுவார்கள். வீட்டில் சாவு நேர்ந்தபின், தகப்பன் தூரதேசத்துக்கு வேலைக்குப் போனபின், அக்காளைக் கட்டிக்கொடுத்தபின் ஒரு பிள்ளை சுருண்டு கிடந்தால், நடிக்கிறாய் என்று அடிக்கவேண்டாம். பேய் பிடித்தது என்று மந்திரவாதியிடம் கொண்டுபோகவும் வேண்டாம். அது பாவம். வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஜெபியுங்கள்.

குணமானபின் வந்த துன்பம்

தான் கண்டதை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று தெரேஸ் தீர்மானித்திருந்தாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த மரி ஏதோ நடந்திருக்கிறது என்று யூகித்துக் கேட்டுவிட்டாள். மறுக்க மனமில்லாமல் குழந்தை சொல்லிவிட்டாள். செய்தி கார்மேல் மடத்துக்குப் போயிற்று. கன்னியாஸ்திரீகள் ஆசையோடு கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். மாதா குழந்தை சேசுவை வைத்திருந்தார்களா, வெளிச்சம் இருந்ததா என்று விசாரித்தார்கள். கேள்விகள் பெருகப்பெருகக் குழந்தை கலங்கிப்போனாள். தான் கண்டது மெய்தானா, பொய் சொல்லிவிட்டேனா என்ற ஐயம் அவளைப் பிடித்துக்கொண்டது. அதோடு, வேண்டுமென்றே வியாதி கொண்டாடினேனோ என்ற பயமும் சேர்ந்தது.

அந்த வேதனை சில நாளில் தீரவில்லை. 1884-ம் ஆண்டு மே 8-ந் தேதி புதுநன்மை வாங்கிய சந்தோஷத்திலும் அது முற்றும் நீங்கவில்லை. 1887-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி, பாப்பரசர் 13-ம் சிங்கராயரைக் காண ரோமாபுரிக்குப் போகும் வழியில், பாரீசிலுள்ள அதே ஜெயமாதா ஆலயத்தில் முழங்காலிட்டபோதுதான், தன்னைப் பார்த்துப் புன்னகை செய்தது தேவமாதாவே என்ற நிச்சயம் அவளுக்குக் கிடைத்தது. வியாதி கொண்டாடினேனோ என்ற பயமோ, மடத்தில் சேர்ந்து ஆத்தும குருவானவரிடம் மனதைத் திறந்தபிறகே ஒழிந்தது. நாலைந்து வருஷம் ஒரு பிள்ளை தனியாய்ச் சுமந்த பாரம் இது. பெரியவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அன்போடுதான் கேட்டார்கள். ஆனாலும் குணமான பிள்ளையைக் காட்சிப் பொருளாக்கிவிட்டார்கள். பிள்ளை பிழைத்து எழுந்தால் நேர்ச்சையைச் செலுத்துங்கள், நன்றிப் பூசை வையுங்கள். பிள்ளையை நிறுத்தி ஊரார் முன் விசாரிக்கவேண்டாம்.

மூன்றாம் படுக்கை

தெரேசம்மாள் 1888-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி, பதினைந்து வயதில், லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தார். பவுலினும் மரியும் முன்னமே அங்கே இருந்தார்கள். தகப்பனார் இறந்தபின் 1894-ல் செலினும் வந்து சேர்ந்தாள். அங்கே அவர் பெரிய காரியம் ஒன்றும் செய்ததாய் வெளியார் கண்ணுக்குத் தெரியவில்லை. சிறு காரியங்களைப் பெரிய அன்போடு செய்தார். மடத்துத் தலைவியாயிருந்த பவுலினின் கட்டளைப்படி தம் குழந்தைப் பருவத்தை எழுதினார். அதனால்தான் மேலே சொன்ன சம்பவங்கள் நமக்குத் தெரியவந்தன.

1896-ம் ஆண்டு பெரிய வெள்ளிக்கு முந்தின இரவில் அவர் இரத்தம் கக்கினார். காசநோய். அக்காலத்தில் அதற்கு மருந்து இல்லை. இக்காலத்தில் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாய்க் கொடுக்கிறார்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் அசட்டையாயிராமல் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். 1897-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி அவரை மடத்து நோயாளிகளின் அறைக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டில் இருந்த அந்த மாதா சுரூபத்தையும், அன்று புன்னகை செய்த அதே சுரூபத்தையும், அவர் கண்ணெதிரே வைத்தார்கள்.

இப்போது இரண்டு படுக்கைகளையும் சேர்த்துப் பாருங்கள். அதே சுரூபம். அன்று முழங்காலிட்ட மரியும் செலினும் இன்றும் அருகே இருந்தார்கள். அன்றைய விசுவாசம் குறையவில்லை, கண்ணீரும் குறையவில்லை. ஆனால் இந்தத் தடவை சுரூபம் புன்னகை செய்யவில்லை. வியாதி தணியவில்லை. அதற்கும் மேலாக, மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற இருண்ட சோதனை ஒரு வருஷத்துக்கு மேல் அவர் ஆத்துமத்தை நெருக்கிற்று. அவர் அந்த இருட்டிலும் விசுவாச முயற்சியை விடாமல் செய்தார். செப்டம்பர் 30-ந் தேதி மாலையில், இருபத்துநாலாம் வயதில், சிலுவையைக் கையில் பற்றியபடி, சர்வேசுரனை நேசிப்பதாய்ச் சொல்லி உயிர்விட்டார்.

என் அன்பான பெற்றோர்களே, இந்த இடத்தில் உங்களில் சிலருடைய முகம் என் கண்முன் நிற்கிறது. நாங்களும் நவநாள் செய்தோம், வேளாங்கண்ணிக்கு நடந்தோம், மொட்டை போட்டோம், பிள்ளை பிழைக்கவில்லையே, எங்கள் விசுவாசம் குறைவோ என்று கேட்கிறவர்கள் நீங்கள். உங்களுக்கு இந்தக் குடும்பமே பதில். ஒரே வீட்டில், ஒரே விசுவாசத்தோடு, தெரேஸ் இரண்டு தடவை பிழைத்தாள், எலேன் பிழைக்கவில்லை. சூசையப்பர் சுரூபத்தின் முன் மன்றாடிப் பிள்ளையைத் திரும்பப் பெற்ற தாய், லூர்து ஊற்றில் இறங்கியும் தனக்குக் குணம் பெறவில்லை. எலேனுக்காகச் செய்த ஜெபம் தெரேசுக்காகச் செய்த ஜெபத்திலும் தாழ்ந்ததா? இல்லை. ஜெபம் கடைச்சரக்கு வாங்கக் கொடுக்கும் பணமல்ல, இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு கிடைக்கும் என்பதற்கு. ஏன் ஒரு பிள்ளையை விட்டார், ஏன் ஒரு பிள்ளையை எடுத்தார் என்பது சர்வேசுரனுக்கே தெரியும். அதைத் தெரிந்தவன்போல் உங்களுக்கு விளக்கம் சொல்ல நான் துணியமாட்டேன். உங்கள் விசுவாசக் குறைவால் பிள்ளை இறந்தது என்று யாராவது சொன்னால், அது திருச்சபையின் போதனையல்ல என்று நான் நிச்சயமாய்ச் சொல்லுவேன்.

திருச்சபை இந்தக் குடும்பத்தை எப்படி மதித்தது என்பதைப் பாருங்கள். பாப்பரசர் 11-ம் பத்திநாதர் 1925-ம் ஆண்டு மே 17-ந் தேதி தெரேசம்மாளுக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் கொடுத்தார். 1927-ல், மடத்தைவிட்டு ஒருநாளும் போதிக்கப் புறப்படாத அவரை, அர்ச். சவேரியாரோடு வேதபோதக நாடுகளின் பாதுகாவலியாக்கினார். 1997-ல் பாப்பரசர் 2-ம் அருளப்பர் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் வேதபாரகர் என்று பிரகடனம் செய்தார். 2015-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி, நாலு பிள்ளைகளை அடக்கம் செய்த அந்தத் தாயையும் தகப்பனையும் பாப்பரசர் பிரான்சிஸ் அர்ச்சியசிஷ்டவர்கள் வரிசையில் சேர்த்தார். பிள்ளையை இழந்த பெற்றோர் மன்றாடத் தக்க அர்ச்சியசிஷ்டவர்கள் இவர்கள். உங்கள் துக்கத்தை இவர்களுக்கு விவரித்துச் சொல்லவேண்டியதில்லை.

அன்று புன்னகை செய்த அந்தச் சுரூபம் இன்றும் லிசியே கார்மேல் மடத்துக் கோவிலில், தெரேசம்மாளின் அருளிக்கங்கள் இருக்கும் இடத்துக்கு மேலே இருக்கிறது. அவ்வளவு தூரம் நாம் போகவேண்டியதில்லை. நம் கோவில் மாதா சுரூபத்தின் முன், இந்த மாதம் முழுவதும் தினமும் மாலையில் ஜெபமாலை சொல்லுகிறோம். இந்த வாரம் சனிக்கிழமை ஜெபமாலையை நம் பங்கிலுள்ள வியாதிக்காரப் பிள்ளைகளுக்காகவும், பிள்ளைகளை இழந்த பெற்றோருக்காகவும் ஒப்புக்கொடுப்போம். உங்கள் தெருவில் வியாதியாய்ப் படுத்திருக்கும் பிள்ளை இருந்தால், அன்று அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள். தாய்க்கு இரவெல்லாம் தூக்கமில்லையென்றால், ஒரு வேளை நீங்கள் உட்கார்ந்து அவளைத் தூங்க விடுங்கள். தெரேசின் மாமி வெறுங்கையோடு போகவில்லை. நீங்களும் ஏதாவது கொண்டுபோங்கள்.

தேவமாதா உங்கள் பிள்ளைகளைத் தம் சால்வைக்குள் வைத்துக் காப்பாராக.

உங்கள் பங்குக் குருவானவர்